இரண்டு மின்மாற்றிகள், ஓராண்டு இழப்பு: ஒரு நிகழ்வு ஆய்வு

ஒரு வளாகத்தில் 1000 கேவிஏ (கிலோவோல்ட்-ஆம்பியர், மின்மாற்றியின் கொள்ளளவுக்கான அலகு) எண்ணெய் மின்மாற்றிகள் இரண்டு இணையாக ஓடுகின்றன. பகலில் அலுவலகமும் பணிமனையும் குளிரூட்டிகளும் சேர்ந்து 900 கேவிஏ வரை இழுக்கின்றன. வேலை முடிந்த பிறகு விளக்குகள், சர்வர்கள், சில பம்புகள் மட்டும்தான். சுமை 150 கேவிஏவுக்கு இறங்கிவிடுகிறது. பகல் சுமை ஆண்டுக்கு 3000 மணி நேரம், மீதி 5760 மணி நேரம் குறைந்த சுமை. திறன் காரணி, அதாவது இழுக்கும் கேவிஏவில் உண்மையான வேலை செய்யும் கிலோவாட்டின் பங்கு, 0.8. மின்மாற்றிகள் பழையவை, ஆனால் எந்தக் கோளாறும் இல்லை. இவற்றின் இழப்பை எவ்வளவு குறைக்க முடியும், அதற்கு எதிலிருந்து தொடங்குவது என்பதுதான் இந்த ஆய்வின் கேள்வி.

அடிப்படையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்த வளாகம் கணக்குக்காக நான் அமைத்த மாதிரி. சுமை விவரம் நான் வைத்தது. இழப்பு மதிப்புகள் அப்படியல்ல. பழைய மின்மாற்றிக்குச் சுமையிலா இழப்பு 1700 வாட், முழுச்சுமையில் சுமை இழப்பு 10,500 வாட் என்று எடுத்திருக்கிறேன். 1000 கேவிஏ எண்ணெய் மின்மாற்றிக்கு ஐரோப்பாவின் பழைய தரப்பட்டியலில் இருந்த மதிப்புகள் இவை. புதியதற்கு எடுத்திருப்பது 693 வாட், 7600 வாட். ஐரோப்பிய ஒன்றியத்தின் 548/2014 ஒழுங்குமுறைப்படி 2021 ஜூலை 1 முதல் இந்த அளவு மின்மாற்றிக்கு இருக்கும் உச்சவரம்பு அது. எல்லாக் கணக்கையும் ஒரு கால்குலேட்டரை வைத்துக்கொண்டு வாசகரே சரிபார்க்கலாம். அவரவர் மின்மாற்றியின் சோதனைச் சான்றிதழில் உள்ள எண்களைப் போட்டுப் பார்த்தால் இன்னும் நல்லது.

முழுச்சுமையில், திறன் காரணி ஒன்றாக இருக்கும்போது, பழைய மின்மாற்றியின் பயனுறுதிறன் 98.8%. புதியதற்கு 99.2%. இந்த இரண்டு எண்களை மட்டும் பார்ப்பவர், 0.4 புள்ளிக்காக மின்மாற்றியை மாற்றுவானேன் என்றுதான் நினைப்பார். அந்த முடிவு எவ்வளவு தவறு என்பது ஓராண்டுக் கணக்கைப் போட்டால் தெரியும்.

இரண்டு இழப்புகள், இரண்டு கடிகாரங்கள்

மின்மாற்றியில் இழப்பு இரண்டு இடங்களில் நடக்கிறது. இரும்பு உள்ளகத்தில் காந்தப்புலம் நொடிக்கு 50 அல்லது 60 முறை முன்னும் பின்னும் புரள்வதால் உண்டாகும் தயக்க இழப்பும் சுழல் மின்னோட்ட இழப்பும் ஒன்று. இதுதான் இரும்பிழப்பு, அதாவது சுமையிலா இழப்பு. மின் அழுத்தம் இருக்கும்வரை இது இருக்கும்; சுமை பூஜ்யமானாலும் குறையாது. ஆண்டின் 8760 மணி நேரமும் இது ஓடுகிறது. மற்றது சுருள்களில் மின்னோட்டம் பாயும்போது உண்டாகும் சுமை இழப்பு. இது மின்னோட்டத்தின் இருமடியைப் பொறுத்தது: சுமை பாதியானால் இழப்பு கால்பங்கு, சுமை பத்தில் ஒன்றானால் இழப்பு நூற்றில் ஒன்று.

இந்த வளாகத்தின் எண்களைப் போடுவோம். இரண்டு மின்மாற்றிகளின் இரும்பிழப்பு சேர்ந்து 3.4 கிலோவாட், ஆண்டுக்கு 29,784 யூனிட். பகலில் ஒவ்வொன்றும் 450 கேவிஏ சுமக்கிறது. இரண்டின் சுமை இழப்பு 4.25 கிலோவாட், 3000 மணிக்கு 12,758 யூனிட். குறைந்த சுமை நேரத்தில் ஒவ்வொன்றும் 75 கேவிஏ; சுமை இழப்பு வெறும் 0.12 கிலோவாட், ஆண்டுக்கு 680 யூனிட். மொத்தம் 43,222 யூனிட்.

இதில் கிட்டத்தட்ட 70% இரும்பிழப்பு. வேலை நேரம் முடிந்த பிறகு சுமைக்குப் போவது 120 கிலோவாட். மின்மாற்றிகள் தின்பது 3.5 கிலோவாட். அந்த நேரத்தில் பயனுறுதிறன் 97.2% தான். பெயர்ப்பலகைக் கணக்கில் வரும் 98.8% முழுச்சுமைக்குரியது. இந்த மின்மாற்றிகள் முழுச்சுமையை ஒரு நாளும் பார்ப்பதில்லை.

சுமை இழப்பைக் கணக்கிடும்போது பலர் விழும் குழி ஒன்று உண்டு. மாதாந்திர மின்கட்டணச் சீட்டில் இருந்து சராசரிச் சுமையை எடுத்து, அதை இருமடியாக்கிப் போடுவார்கள். இங்கே ஆண்டுச் சராசரி 407 கேவிஏ. அதை வைத்துக் கணக்கிட்டால் சுமை இழப்பு 7,613 யூனிட் என்று வரும். உண்மையில் 13,438 யூனிட். சராசரியின் இருமடி, இருமடிகளின் சராசரிக்குச் சமமாகாது. சுமை எவ்வளவு ஏறி இறங்குகிறதோ அவ்வளவு பிழை வரும். ஆகவே முதல் செலவு ஒரு சுமைப் பதிவுக் கருவிக்குத்தான். 15 நிமிட இடைவெளியில், விடுமுறை நாளும் அடங்க, குறைந்தது ஒரு முழு வாரப் பதிவு வேண்டும்.

அதே கருவியை உயரழுத்தப் பக்கம் ஒன்று, தாழ்வழுத்தப் பக்கம் ஒன்று என்று இரண்டு வைத்து, உள்ளே போனதில் இருந்து வெளியே வந்ததைக் கழித்து இழப்பை அளந்துவிடலாம் என்று தோன்றும். அது வேலைக்காகாது. இங்கே இழப்பு மொத்தத்தில் 1.5%. இரண்டு பக்கமும் 0.5 வகுப்பு (0.5% பிழைக்கு இடமுள்ள) மீட்டர், அதற்கு மேல் மீட்டருக்காக மின்னோட்டத்தைச் சிறிதாக்கித் தரும் மின்னோட்ட மாற்றியின் பிழை என்று சேர்ந்தால், அளவீட்டின் ஐயமே இழப்பின் அளவுக்கு வந்துவிடும். அதனால்தான் ஆலையில் திறந்த சுற்றுச் சோதனையால் இரும்பிழப்பையும் குறுக்குச் சுற்றுச் சோதனையால் சுமை இழப்பையும் தனித்தனியாக அளக்கிறார்கள். அந்தச் சான்றிதழைத் தேடி எடுப்பதே சரியான வழி. ஒரு விஷயத்தில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: இடையில் சுருள் மாற்றிக் கட்டப்பட்ட மின்மாற்றியானால் பழைய சான்றிதழை நம்ப முடியாது. உள்ளகத் தகடுகளைப் பிரித்து மீண்டும் அடுக்கும்போது இடைவெளி கூடினாலோ, காப்புப் பூச்சு உரிந்தாலோ, மெலிந்த கம்பி சுற்றப்பட்டாலோ இழப்பு ஏறியிருக்கும். அப்போது புதிதாகச் சோதனை செய்தே ஆக வேண்டும்.

செலவில்லாமல் முடிவது

முதலில் டேப், அதாவது வரும் மின் அழுத்தத்துக்கு ஏற்ப சுருளின் சுற்று எண்ணிக்கையை மாற்றிக்கொள்ளும் இணைப்பு. உள்ளகத்தின் காந்தப்பாய அடர்த்தி மின் அழுத்தத்தோடு நேராக ஏறும். இரும்பிழப்பு அதன் இருமடிக்குச் சற்றும் குறையாமல், தெவிட்டு நிலையை (இரும்பு அதற்கு மேல் காந்தமாக முடியாத நிலையை) நெருங்கும்போது அதைவிடவும் வேகமாக ஏறும். மின் வழங்கல் 5% உயர்ந்தே வருகிறது, டேப் நடுவில் நிற்கிறது என்று வைத்துக்கொண்டால், ஒரு பழைய மின்மாற்றியின் இரும்பிழப்பு குறைந்தது 10% கூடும். ஆண்டுக்கு 1,500 யூனிட்டுக்கு மேல். டேப்பை +5% நிலைக்கு மாற்றினால் உள்ளகமும் நிதானத்துக்கு வரும், தாழ்வழுத்தப் பக்கமும் சரியாகும். சாதாரண டேப் மாற்றியை மின்சாரத்தைத் துண்டித்துவிட்டுத்தான் திருப்ப வேண்டும்; எப்படியும் பராமரிப்புக்கு நிறுத்தும் நாளில் செய்துவிடலாம். மேலே உள்ள 43,222 யூனிட் கணக்கில் அழுத்தம் சரியாக இருப்பதாகவே வைத்திருக்கிறேன். எனவே இதன் சேமிப்பை நான் கூட்டவில்லை.

அடுத்தது, குறைந்த சுமை நேரத்தில் ஒரு மின்மாற்றியை நிறுத்தி வைப்பது. ஒன்றா இரண்டா என்பதற்கு ஒரு வரம்பு இருக்கிறது: சுமையிலா இழப்பின் இருமடங்கைச் சுமை இழப்பால் வகுத்து வர்க்கமூலம் எடுத்தால் போதும். 3400-ஐ 10,500-ஆல் வகுத்தால் 0.324, மூலம் 0.57. மொத்தச் சுமை ஏறக்குறைய 570 கேவிஏவுக்குக் கீழே இருந்தால் ஒன்று ஓடுவது லாபம், மேலே போனால் இரண்டு. பகலில் 900 கேவிஏவுக்கு இரண்டும் வேண்டும். இரவில் 150 கேவிஏவுக்கு ஒன்றே மிகை. அப்படிச் செய்தால் ஆண்டு இழப்பு 34,110 யூனிட்டாகும். 9,100 யூனிட் மிச்சம், ஒரு பொருளும் வாங்காமல்.

காகிதத்தில் இது அழகான வழி. நடைமுறையில் நான் தயங்குவேன். தினம் காலையில் மின்மாற்றியை ஏற்றும்போது பாயும் தொடக்க மின்னோட்டம் முழுச்சுமை மின்னோட்டத்தின் 10 மடங்கு வரை போகக்கூடும். சுருள்களுக்கு அது ஓர் உதை. பிரேக்கர் இயங்கும் எண்ணிக்கை ஏறும். குளிர்ந்து நிற்கும் மின்மாற்றி சுவாசிக்கும் ஈரம் எண்ணெயிலும் காகிதக் காப்பிலும் சேரும். உள்ளே போகும் காற்றின் ஈரத்தை உறிஞ்சும் சிலிக்கா ஜெல் கவனிக்கப்படாத இடங்களில் இது உண்மையான ஆபத்து. ஓடும் ஒற்றை மின்மாற்றி விழுந்தால் மற்றதை ஏற்றும்வரை சர்வர்கள் இருட்டில். தினசரி மாற்றத்துக்குப் பதில் நீண்ட விடுமுறைகளிலும் சுமை குறைந்த பருவங்களிலும் ஒன்றை நிறுத்தி, எது ஓய்வெடுக்கிறது என்பதை முறைவைத்து மாற்றிக்கொண்டால் சேமிப்பு குறைந்தாலும் மின்மாற்றி பிழைக்கும். இருந்தாலும் ஒப்பிடுவதற்காக, தினசரி மாற்றம் நடப்பதாகவே கணக்கைத் தொடர்கிறேன்.

திறன் காரணி, சீரிசை

பகல் சுமை 900 கேவிஏ என்றாலும் உண்மையான வேலை செய்வது 720 கிலோவாட். தாழ்வழுத்தப் பக்கம் மின்தேக்கிகள் வைத்துத் திறன் காரணியை 0.96-க்கு உயர்த்தினால் அதே 720 கிலோவாட் 750 கேவிஏவில் முடிந்துவிடும். இரவில் 150 கேவிஏ 125 ஆகும். ஆண்டு இழப்பு 34,110-லிருந்து 29,796 யூனிட்டாக இறங்கும். மின்தேக்கி இருக்க வேண்டிய இடம் முக்கியம். உயரழுத்தப் பக்கம் வைத்தால் மீட்டரில் திறன் காரணி நன்றாகத் தெரியும், ஆனால் மின்மாற்றி அதே 900 கேவிஏவைத்தான் சுமந்துகொண்டிருக்கும். அதன் இழப்பு ஒரு வாட்கூடக் குறையாது.

இன்றைய சுமைகளில் இன்வெர்ட்டர்களும் எல்இடி ஓட்டிகளும் கணினி மின்வழங்கிகளும் அதிகம். இவை இழுக்கும் மின்னோட்டத்தில் 5, 7, 11-ஆம் சீரிசைகள், அதாவது அடிப்படை அதிர்வெண்ணின் 5, 7, 11 மடங்கு அதிர்வெண்ணில் வரும் மின்னோட்டங்கள், கலந்திருக்கும். சுருள்களில் உண்டாகும் சுழல் மின்னோட்ட இழப்பு சீரிசை வரிசையின் இருமடியாக ஏறுவதால், அளவில் சிறிய சீரிசையும் சூட்டைக் கணிசமாக ஏற்றும். அதோடு வெறும் மின்தேக்கிகளை இணைத்தால், அவையும் மின்மாற்றியின் தூண்டலும் சேர்ந்து ஏதோ ஒரு சீரிசையில் ஒத்ததிர்வுக்குப் போகும் அபாயம் உண்டு. மின்தேக்கியோடு தொடரில் 7% ரியாக்டர் (தூண்டல் சுருள்) வைத்தால், 50 ஹெர்ட்ஸ் அமைப்பில் அந்த ஒத்ததிர்வுப் புள்ளி 189 ஹெர்ட்ஸுக்கு, அதாவது 5-ஆம் சீரிசைக்குக் கீழே, தள்ளப்படும். இழப்பைக் குறைக்கப் போய் மின்தேக்கியை வெடிக்க விடாமல் இருக்க இந்தச் செலவு அவசியம்.

மாற்றுவது என்று முடிவானால் எத்தனை?

இந்த ஆய்வில் என்னை மிகவும் யோசிக்க வைத்த இடம் இது. திறன் காரணியைச் சரிசெய்த பின், பழைய இரண்டையும் எடுத்துவிட்டுப் புதியவை இரண்டு வைத்து, எப்போதும் இரண்டையும் ஓடவிட்டால் ஆண்டு இழப்பு 18,896 யூனிட். தொடக்கத்தில் இருந்த 43,222-இல் பாதிக்கும் குறைவு. பயனுறுதிறனில் 0.4 புள்ளி என்று தெரிந்த வித்தியாசத்துக்கு ஆண்டுக் கணக்கில் இவ்வளவு கனம்.

இப்போது புதியது ஒன்றே ஒன்று வாங்கி, 24 மணி நேரமும் அதை மட்டும் ஓட்டினால்? பகலில் 750 கேவிஏவை அது தனியாகச் சுமக்கும். சுமை இழப்பு 4.28 கிலோவாட்டாக ஏறும், ஆனால் இரும்பிழப்பு 0.69 கிலோவாட் மட்டும்தான். ஆண்டு மொத்தம் 19,580 யூனிட். இரண்டு புதியவை சேர்ந்து தரும் 18,896-க்கும் இதற்கும் வித்தியாசம் 684 யூனிட். அதாவது இரண்டாவது புதிய மின்மாற்றிக்குக் கொடுக்கும் முழு விலையும், இழப்புக் கணக்கில் பார்த்தால், ஆண்டுக்கு 684 யூனிட்டுக்காக. கவனமில்லாமல் எழுதப்படும் திட்ட அறிக்கைகளில் இந்த ஒப்பீடு இடம்பெறுவதில்லை. "இரண்டு பழையதை எடு, இரண்டு புதியதை வை" என்று நேராக எழுதிவிடுகிறார்கள்.

இரண்டு புதியவற்றில் ஒன்றை இரவில் நிறுத்தினால் இழப்பு 15,246 யூனிட் வரை இறங்கும் என்பதும் உண்மை. ஆனால் புதிய மின்மாற்றிகளில் நிறுத்தி வைப்பதன் பலன் 3,650 யூனிட்டுக்குச் சுருங்கிவிடுகிறது. பழையவற்றில் அது 9,100. பிரேக்கரையும் சுருளையும் தினமும் சோதிக்க அந்த 3,650 போதுமான காரணமாக எனக்குப் படவில்லை. ஒன்றா இரண்டா என்ற வரம்பும் 570-லிருந்து 427 கேவிஏவுக்கு இறங்குகிறது.

என் பரிந்துரை: ஒரு புதிய மின்மாற்றி வாங்கி எப்போதும் அதை ஓட்டுவது, பழையவற்றில் நல்ல நிலையில் உள்ள ஒன்றை மின் இணைப்பு இல்லாத மாற்றுக் கருவியாக வைத்திருப்பது. பழையதையும் புதியதையும் இணையாக ஓட்ட ஆசைப்பட வேண்டாம். மாற்று விகிதம், இணைப்புத் தொகுதி, மின்மறுப்புச் சதவீதம் மூன்றும் பொருந்தினால்தான் சுமை ஒழுங்காகப் பங்காகும். பொருந்தினாலும் பழையதன் 1700 வாட் மீண்டும் கணக்கில் ஏறிவிடும்.

இந்தப் பரிந்துரைக்கு எல்லை உண்டு. பகல் சுமை மீண்டும் 900 கேவிஏவுக்கு ஏறினால் ஒற்றை மின்மாற்றி, இரண்டு புதியவற்றைவிட மணிக்கு 2.4 யூனிட் கூடுதலாக இழக்கும். 3000 மணிக்கு 7,155 யூனிட். அப்போது இரண்டாவதை வாங்குவதற்கு நியாயம் வந்துவிடும். சூடும் ஏறும். சாதாரண காகிதக் காப்பில், 98 டிகிரி செல்சியஸ் என்ற அடிப்படை உச்சச் சூட்டுக்கு மேல் ஒவ்வொரு 6 டிகிரிக்கும் காப்பு முதுமையடையும் வேகம் இருமடங்காகிறது. மின்வண்டிச் சார்ஜர்கள் வரப்போகும் வளாகம் என்றால், வாங்கும் முன்பே அந்தச் சுமையை வளைவரையில் சேர்த்துப் பார்த்துவிட வேண்டும்.

உள்ளகம் எதில் செய்தது

1700 வாட் எப்படி 693 ஆனது? மின்மாற்றித் தகட்டின் வரலாறு முழுவதும் இந்த ஒரு எண்ணைக் குறைப்பதற்கான முயற்சிதான். இரும்பில் சுமார் 3% சிலிக்கன் கலந்தால் மின்தடை ஏறிச் சுழல் மின்னோட்டம் அடங்குகிறது. 1934-இல் நார்மன் காஸ் காப்புரிமை பெற்ற முறை, உருட்டும் திசையிலேயே படிகங்களை வரிசைப்படுத்தி, அந்தத் திசையில் காந்தமாக்குவதை எளிதாக்கியது. பின்னர் தகடுகள் மெலிந்தன, வரிசை இன்னும் செம்மையானது, லேசரால் மெல்லிய கோடு கீறிக் காந்தப் பகுதிகளைச் சிறிதாக்கினார்கள். இன்றைய நல்ல தகடு 0.23 மில்லிமீட்டர் தடிமனில் வருகிறது.

அதற்கடுத்த படி படிகமில்லாத உலோகம். 1960-இல் போல் டூவேயின் குழு உருகிய உலோகத்தை மிக வேகமாகக் குளிரவைத்து, அணுக்கள் வரிசையில் நிற்க நேரமில்லாத கண்ணாடி போன்ற நிலையை உண்டாக்கிக் காட்டியது. இரும்பு, போரான், சிலிக்கன் கலந்து நொடிக்குப் பத்து லட்சம் டிகிரி என்ற வேகத்தில் குளிரவைத்த நாடா சுமார் 25 மைக்ரோமீட்டர் தடிமன்தான். இதில் செய்த உள்ளகத்தின் சுமையிலா இழப்பு வழக்கமான சிலிக்கன் எஃகில் செய்ததைவிட 60 முதல் 70% வரை குறையும்.

குறைகளும் இருக்கின்றன. சிலிக்கன் எஃகு சுமார் 2 டெஸ்லாவில்தான் தெவிட்டும். இந்த நாடா 1.56 டெஸ்லாவிலேயே தெவிட்டிவிடும். ஆகவே உள்ளகம் பெரிதாக வேண்டும், அதைச் சுற்றும் கம்பி நீளும், எடையும் கூடும். கூடுதல் செம்பு போடாவிட்டால் சுமை இழப்பு ஏறும். நாடா நொறுங்கக்கூடியது, குறுக்குச் சுற்று விசைகளைத் தாங்கும்படி சுருள்களைத் தனியாகத் தாங்கிப் பிடிக்க வேண்டும். பகலில் சில மணி நேரம் மட்டும் சுமை ஏறி, மீதி நேரம் சும்மா நிற்கும் மின்மாற்றிக்கு இது மிகப் பொருத்தம். எந்நேரமும் 70, 80% சுமையில் ஓடும் மின்மாற்றிக்கு அதே பணத்தைச் சுருளில் போடுவதே மேல். ஒற்றைப் புதிய மின்மாற்றி என்ற நம் தீர்வில் ஆண்டு இழப்பான 19,580-இல் இரும்பின் பங்கு 6,071 யூனிட் மட்டுமே. எனவே இங்கே படிகமில்லாத உள்ளகத்துக்காகச் சுமை இழப்பை விட்டுக்கொடுக்கக் கூடாது.

கொள்முதல் ஆணையில் எழுத வேண்டியது

விலை குறைந்தவருக்கு ஆணை என்ற வழக்கம்தான் இழப்பு மிகுந்த மின்மாற்றிகள் இன்னும் விற்பதற்குக் காரணம். வாங்கும் விலையோடு, ஒரு வாட் சுமையிலா இழப்புக்கு ஆயுள் முழுவதும் ஆகும் செலவையும், ஒரு வாட் சுமை இழப்புக்கு ஆகும் செலவையும் இன்றைய மதிப்பில் கூட்டி ஒப்பிட வேண்டும். இந்த இரண்டு மதிப்புகளையும் வாங்குபவரே தன் சுமை வளைவரையில் இருந்து கணக்கிட்டு ஒப்பந்தப் புள்ளியிலேயே அறிவித்துவிட வேண்டும். அப்போதுதான் எங்கே செம்பைக் கூட்டுவது, எங்கே நல்ல தகட்டைப் போடுவது என்று தயாரிப்பாளர் யோசிக்கத் தொடங்குவார். நம் வளாகத்தில் ஒற்றை மின்மாற்றிக்கு ஒரு வாட் சுமையிலா இழப்பு ஆண்டுக்கு 8.76 யூனிட், பெயர்ப்பலகையில் உள்ள ஒரு வாட் சுமை இழப்பு 1.78 யூனிட். ஐந்துக்கு ஒன்று என்ற இந்த விகிதம் வேறொரு வளாகத்தில் வேறாக இருக்கும். இன்னொருவர் ஆணையைப் பார்த்து நகலெடுக்கக் கூடாது.

பன்னாட்டு மின்தொழில்நுட்ப ஆணையத்தின் ஐஇசி 60076-1 நெறி, உறுதியளித்த மொத்த இழப்பில் 10% வரையும், தனித்தனி இழப்புகளில் 15% வரையும் கூடுதலை அனுமதிக்கிறது. ஆணையில் ஒன்றும் சொல்லாவிட்டால் 693 வாட் என்று வாங்கியது 797 வாட்டாக வந்து நிற்கலாம், புகார் சொல்லவும் வழியிருக்காது. உறுதியளித்த மதிப்பே உச்சவரம்பு, கூடுதலுக்கு இடமில்லை என்று எழுதிவிட வேண்டும். ஆலைச் சோதனையின்போது வாங்குபவர் தரப்பில் ஒருவர் நின்று பார்ப்பதும், சுமை இழப்பு 75 டிகிரி செல்சியஸுக்குத் திருத்தப்பட்டதா என்று கேட்பதும் அவசியம். செம்புச் சுருளின் தடை 45 டிகிரியில் அதைவிடச் சுமார் 10% குறைவாக இருக்கும். திருத்தாத எண் ஏமாற்றும்.

கழற்றப்படும் பழைய மின்மாற்றியின் எண்ணெயில் பிசிபி என்ற நச்சு வேதிப்பொருள் இருக்கிறதா என்று பரிசோதிக்காமல் அதைப் பழைய இரும்புக்குக் கொடுக்கக் கூடாது. மாற்றாக வைக்கும் மற்றதற்கும் அதே பரிசோதனை வேண்டும். அதோடு அதன் சிலிக்கா ஜெல்லை நிறம் மாறும் முன் புதுப்பித்து, எண்ணெயின் ஈரத்தையும் மின்காப்பு வலிமையையும் ஆண்டுக்கு ஒரு முறை சோதித்து, காப்புத் தடையை அளந்த பிறகுதான் அதற்கு மின் இணைப்புக் கொடுக்க வேண்டும்.